டெமோ ரூமில் வருவது வார்டில் ஏன் வரவில்லை? நர்சிங் பிள்ளைகளுக்குக் கைவேலை கற்றுக்கொடுப்பது பற்றி

நீங்கள் கேட்டது சுருக்கமாக இதுதான். நர்சிங் கல்லூரியில் புதிதாக ட்யூட்டராகச் சேர்ந்திருக்கிறீர்கள். டெமோ ரூமில் பிள்ளைகள் தலையாட்டுகிறார்கள், ரீ-டெமோவும் (பார்த்ததைத் திரும்பச் செய்துகாட்டுவது) சுமாராகச் செய்துவிடுகிறார்கள். வார்டுக்குப் போனால் பி.பி. பார்க்கவே தடுமாறுகிறார்கள். எந்த முறையில் சொல்லிக்கொடுத்தால் நிற்கும், பெரிய சிமுலேஷன் லேப் இல்லாத கல்லூரியில் என்ன செய்யலாம், ஊசி என்றாலே கை நடுங்கும் பிள்ளையை எப்படிக் கொண்டுவருவது என்று மூன்று கேள்விகள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் கல்லூரிகளில் பிள்ளைகள் பார்ப்பது அதிகம், யாராவது பக்கத்தில் நின்று கவனிக்கச் செய்வது ரொம்பக் குறைவு. முறை எதுவானாலும் இந்தக் கணக்கை மாற்றினால் பாதிப் பிரச்சினை தீரும்.

வழக்கமான டெமோ எப்படி நடக்கிறது? அறுபது பேர் வகுப்பு, ஒரு கட்டில், ஒரு டம்மி. முன்னால் நிற்கும் ஏழெட்டுப் பேருக்கு டம்மி தெரியும். பின்னால் நிற்பவர்களுக்கு முன்னால் நிற்பவர்களின் கொண்டை தெரியும். மேடம் செய்துகொண்டே விளக்குகிறார், பிள்ளைகள் நோட்டில் எழுதுகிறார்கள். எழுதுகிறவள் மேடத்தின் கையைப் பார்க்க முடியாது. அப்புறம் ரோல் நம்பர் வரிசையில் ஆளுக்கு ஒரு முறை ரீ-டெமோ, ரெக்கார்டில் கையெழுத்து, அடுத்த ப்ரொசீஜர். பக்கத்தில் நின்று பார்த்ததால் யாருக்கும் தோசை வார்க்க வந்துவிடுவதில்லை, கதீட்டர் (சிறுநீர் வடியும் குழாய்) போட மட்டும் வந்துவிடும் என்று நாம் நம்புகிறோம். இந்திய நர்சிங் கவுன்சில் ஒரு ஆசிரியருக்குப் பத்து மாணவர் என்ற விகிதம் வைத்திருப்பது சும்மா இல்லை. பத்துப் பேர் என்றால் ஒவ்வொரு கையையும் பார்க்கலாம். வகுப்பு மொத்தத்துக்கும் ஒரே டெமோ எடுத்தால் அந்த விகிதம் காகிதத்தில்தான் இருக்கும்.

சரி, முறைக்கு வருவோம். கைவேலை கற்றுக்கொடுக்க நான் அதிகம் நம்புவது ரோட்னி பெய்டன் என்ற அறுவை மருத்துவர் 1998இல் எழுதிய நான்கு படி முறை. முதல் படியில் நீங்கள் வார்டில் செய்கிற வேகத்திலேயே, ஒரு வார்த்தை பேசாமல் செய்துகாட்டுகிறீர்கள். முழு வேலையும் எப்படி இருக்கும் என்று மனதில் ஒரு படம் விழுகிறது. இரண்டாவதில் மெதுவாக, ஒவ்வொரு அசைவுக்கும் காரணம் சொல்லிச் செய்கிறீர்கள். மூன்றாவதில் பிள்ளை சொல்லச் சொல்ல நீங்கள் செய்கிறீர்கள். நான்காவதில் அவளே சொல்லி அவளே செய்கிறாள். நம் ஊர் டெமோ இரண்டாவது படியிலிருந்து நேராக நான்காவதுக்குத் தாவிவிடுகிறது. விஷயமே மூன்றாவது படியில்தான் இருக்கிறது.

பி.பி. பார்ப்பதையே எடுத்துக்கொள்வோம். பிள்ளை "கஃப் கட்டணும்" என்பாள். அவள் சொன்னதை மட்டும் செய்யுங்கள்: கஃப் பட்டையை முழங்கை மடிப்பின் மீதே, ட்யூப் பின்பக்கம் போகும்படி கட்டுங்கள். உடனே "இல்ல மேடம், ரெண்டு விரல் மேல" என்று திருத்துவாள். அடுத்து "பம்ப் பண்ணணும்" என்பாள். எவ்வளவு என்று கேட்காமல் 250 வரை ஏற்றுங்கள். அப்போதுதான் ரேடியல் (மணிக்கட்டு) நாடியைத் தொட்டுப் பார்த்து, துடிப்பு மறையும் இடத்துக்கு மேல் 30 ஏற்றினால் போதும் என்று அவளுக்கு ஞாபகம் வரும். வால்வை முழுதாகத் திறந்து சரசரவென்று இறக்குங்கள். விநாடிக்கு 2, 3 மில்லிமீட்டர் என்பது ஏன் என்று அவளே சொல்வாள். அவளுக்கு எது தெரியாது என்பது பத்து நிமிடத்தில் உங்களுக்குத் தெரிந்துவிடும். அவள் கையும் இன்னும் களத்தில் இறங்கவில்லை. அவமானப்பட ஒன்றும் இல்லை. யோசிக்கிற வேலையையும் கைவேலையையும் பிரித்துவிட்டதால் தலையில் சுமை பாதியாகிறது.

அறுபது பேருக்கு நான்கு படி நடக்காது என்று சொல்வீர்கள். முதல் இரண்டு படிகளைப் போனிலேயே வீடியோ எடுத்து முந்தின நாள் கொடுத்துவிடுங்கள். உங்கள் லேபில் இருக்கும் அதே ட்ரேயை வைத்து எடுங்கள், வெளிநாட்டு வீடியோவில் வரும் பொருள் நம் வார்டில் இருக்காது. லேப் நேரம் முழுதும் மூன்று, நான்காம் படிகளுக்கே. மூன்று மூன்று பேராகப் பிரியுங்கள்: ஒருத்தி செய்ய, ஒருத்தி நோயாளி, ஒருத்தி செக்லிஸ்ட் பிடித்துக்கொண்டு பார்க்க. பிறகு இடம் மாறுவார்கள். செக்லிஸ்ட் பிடிக்கிறவளும் நன்றாகக் கற்றுக்கொள்கிறாள், இதை எல்லா பேட்சிலும் பார்க்கிறேன். நீங்கள் சுற்றிவந்து ஒவ்வொருத்தியிடமும் ஒரு குறையை மட்டும் திருத்துங்கள். ஐந்து குறையை ஒரே மூச்சில் சொன்னால் ஐந்தும் போய்விடும்.

சில வேலைகளை முழுதாக ஓட்டிப் பழகுவது வீண். கேனுலா, அதாவது ரத்தக் குழாய்க்குள் (நாம் நரம்பு என்கிறோமே, அது) விடும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய், போடுவதில் பிள்ளைகள் எங்கே தோற்கிறார்கள் என்று கவனியுங்கள். ட்ரே வைப்பதிலோ ஸ்பிரிட் தடவுவதிலோ இல்லை. பிளாஷ்பேக்கில், அதாவது கேனுலாவின் பின்முனை அறையில், ரத்தம் தெரிந்த அடுத்த இரண்டு விநாடியில்தான். ரத்தம் வந்த சந்தோஷத்தில் ஊசியை அதே கோணத்தில் உள்ளே தள்ளி நரம்பின் பின்சுவரைத் துளைத்துவிடுகிறார்கள். அல்லது பிளாஸ்டிக் குழாய் உள்ளே போகும் முன்பே ஸ்டைலெட்டை (குழாய்க்குள் இருக்கும் ஊசியை) உருவிவிடுகிறார்கள். கோணத்தைத் தாழ்த்துவது, மில்லிமீட்டர் கணக்கில் கொஞ்சம் முன்னே தள்ளுவது, ஸ்டைலெட்டை அசையாமல் பிடித்துக்கொண்டு குழாயை மட்டும் வழுக்கிவிடுவது, இந்த மூன்றை மட்டும் திரும்பத் திரும்பச் செய்யவையுங்கள். டூர்னிகே (கையை இறுக்கிக் கட்டும் பட்டை), பிளாஸ்டர் எதுவும் வேண்டாம். அது கைக்கு வந்த பிறகு முன்னும் பின்னும் சேர்த்துக்கொள்ளலாம். டூர்னிகேயை அவிழ்க்காமல் ஸ்டைலெட்டை எடுத்துப் பெட்ஷீட்டை ரத்தமாக்குவது இரண்டாவது பொதுவான குறை. அதற்குத் தனியாக ஒரு சுற்று.

இனி லேப் விஷயம். லட்சக்கணக்கில் விலையுள்ள, மூச்சுவிடும் டம்மி இருந்தால்தான் சிமுலேஷன் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. ஆனால் நர்சிங் படிப்புக்கென்று செய்த முதல் ஆளுயரப் பொம்மை 1911இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு மருத்துவமனைக்கு வந்த 'மிஸஸ் சேஸ்'. செய்துகொடுத்தவர் மார்த்தா சேஸ் என்ற பொம்மைத் தயாரிப்பாளர். சி.பி.ஆர். (இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்திச் செய்யும் முதலுதவி) பழகும் ரெசுஸி ஆன் பொம்மை 1960இல் நார்வேயின் ஆஸ்மண்ட் லேர்டாலிடமிருந்து வந்தது, அவரும் விளையாட்டுப் பொருள் செய்தவர்தான். நன்றாக வடிவமைத்த எளிய பொம்மையே பல தலைமுறை நர்சுகளை உருவாக்கியிருக்கிறது.

2014இல் அமெரிக்க நர்சிங் கவுன்சில்களின் கூட்டமைப்பு ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டது. பத்துக் கல்லூரிகளில் ஒரு பிரிவுக்கு வழக்கமான வார்டு போஸ்டிங், மற்ற இரண்டு பிரிவுகளுக்கு வார்டு நேரத்தில் 25 சதவீதமும் 50 சதவீதமும் சிமுலேஷன். முடிவில் மூன்று பிரிவுக்கும் அறிவிலோ திறமையிலோ பெரிய வித்தியாசம் இல்லை. இதைக் காட்டி "வார்டையே குறைத்துவிடலாம்" என்று யாராவது மேனேஜ்மென்டில் சொன்னால் அடுத்த வரியையும் படிக்கச் சொல்லுங்கள்: பயிற்சி பெற்ற ஆசிரியர்கள், போதுமான ஆட்கள், ஒவ்வொரு சிமுலேஷனுக்கும் பிறகு முறையான டீப்ரீஃபிங் (நடந்ததை உட்கார்ந்து அலசுவது) இருந்தால்தான் அந்த முடிவு பொருந்தும். பூட்டிய அறையில் பிளாஸ்டிக் கவர் பிரிக்காத டம்மிக்குப் பொருந்தாது. இன்ஸ்பெக்ஷன் அன்றைக்கு மட்டும் வெளியே வரும் டம்மிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

செலவில்லாமல் செய்யக்கூடியவை நிறைய. ஆரஞ்சுப் பழத்தில் ஊசி போட்டுப் பழகுவது பழைய வழக்கம்; சிரிஞ்சைப் பிடிக்கவும் அழுத்தம் உணரவும் அது போதும். ஆனால் ஆரஞ்சில் எங்கே குத்தினாலும் சரிதான், மனிதரில் அப்படியில்லை. இடுப்பின் பக்கவாட்டில் தசை ஊசி போடும் வென்ட்ரோகுளூட்டியல் இடத்தைக் கண்டுபிடிப்பதைத் தோழியிடம் உடை மேலேயே விரல் வைத்துப் பழகட்டும், ஊசி கிடையாது. பழைய ஐ.வி. செட் ட்யூபில் சிவப்புத் தண்ணீர் நிரப்பி இரண்டு முனையையும் கட்டி, ஸ்பாஞ்சில் பதித்து மேலே மெல்லிய ரெக்சின் ஒட்டினால் கேனுலாவுக்கு நரம்பு தயார். காலாவதியான கதீட்டர், ரைல்ஸ் ட்யூப் (மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் குழாய்), கையுறை எல்லாம் ஸ்டோரில் கேட்டு வாங்கி 'பயிற்சிக்கு மட்டும்' என்று எழுதித் தனியாக வையுங்கள். அவை வார்டுப் பொருளோடு கலந்துவிடக் கூடாது.

இப்போது உங்கள் உண்மையான சிக்கல். பிள்ளைகள் வார்டில் தடுமாறுவதற்கு எனக்குத் தெரிந்து பெரிய காரணம், டம்மி பேசாது என்பதுதான். வார்டில் நோயாளி "போன தடவை மூணு தடவை குத்துனாங்க, வேணாம்மா" என்பார். கூட இருக்கும் அண்ணன் "பெரிய நர்ஸ் இல்லையா?" என்பார். பக்கத்துக் கட்டில் பாட்டி தண்ணீர் கேட்பார். கையும் வாயும் கண்ணும் ஒரே நேரத்தில் வேலை செய்ய வேண்டும், இதை லேபில் ஒரு நாளும் பழகவில்லை. அதனால் டம்மிக் கையைக் கட்டிலில் வைத்து, பக்கத்திலேயே ஒரு பிள்ளையைப் போர்வைக்குள் படுக்கவையுங்கள். ஊசி டம்மிக்கு, பேச்சு அவளுக்கு. இன்னொருத்தி சொந்தக்காரராக நின்று கேள்வி கேட்கட்டும். மதுரைப் பக்கத்துப் பேச்சோ கொங்குப் பேச்சோ, உங்கள் வார்டுக்கு வருகிறவர்கள் பேசுகிற மாதிரியே பேசட்டும். பிள்ளைகள் இதை ரசித்துச் செய்வார்கள், கொஞ்சம் ஓவர் ஆக்டிங்கும் இருக்கும், பரவாயில்லை. ப்ரொசீஜரை நோயாளிக்குத் தமிழில் விளக்கத் தெரியாத பிள்ளைகள் இருப்பது அப்போதுதான் வெளியே வரும். பாடம் ஆங்கிலத்தில், ரெக்கார்டு ஆங்கிலத்தில், "மூச்சை நல்லா இழுத்து விடுங்க ஐயா, கையை மடக்காதீங்க" என்று சொல்ல யாரும் கற்றுத்தரவில்லை.

அதன் பிறகு உட்கார்ந்து பேசுவதுதான் டீப்ரீஃபிங். காட்சி பத்து நிமிடம் என்றால் பேச்சு இருபது நிமிடம் இருக்கலாம். "என்ன தப்பு பண்ணினே?" என்று தொடங்கினால் கதவு மூடிக்கொள்ளும். "அந்த நேரத்தில் உன் மனதில் என்ன ஓடியது?" என்று கேளுங்கள். ஆக்சிஜன் குறைகிறது என்று தெரிந்தும் தலைமாட்டை உயர்த்தாதவளுக்குப் பொசிஷன் பாடம் தெரியாமல் இல்லை. டாக்டர் சொல்லாமல் எதையும் தொடக் கூடாது என்று அவள் நினைத்திருக்கலாம். காரணம் தெரியாமல் திருத்தினால் வேறு இடத்தில் அதே தவறு வரும்.

அளவு, கணக்கு விஷயத்தை லேபோடு சேர்த்தே நடத்துங்கள். 500 மில்லி சலைன் 6 மணி நேரத்தில் போக வேண்டும், செட்டில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு. 500ஐ 20ஆல் பெருக்கி 360 நிமிடத்தால் வகுத்தால் 27.8, அதாவது நிமிடத்துக்கு 28 சொட்டு. போர்டில் எல்லாரும் போட்டுவிடுவார்கள். உண்மையான பாட்டிலைத் தொங்கவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து 28 சொட்டுக்கு ரெகுலேட்டரை நிறுத்தச் சொல்லுங்கள், பாதிப் பேருக்கு வராது. கணக்குப் போடும் முன்பே உத்தேசமாக எவ்வளவு வரும் என்று சொல்லவைப்பதும் நல்ல பழக்கம். 280 என்று விடை வந்தால் உடனே சந்தேகம் வர வேண்டும். மைக்ரோ செட்டில் மில்லிக்கு 60 சொட்டு என்பதால் மணிக்கு எத்தனை மில்லியோ நிமிடத்துக்கு அத்தனை சொட்டு. குழந்தைகள் வார்டுக்குப் போகும் முன் இது வாயில் வர வேண்டும்.

ஒரு முறை கற்றது தங்காது என்பதையும் கணக்கில் எடுங்கள். சி.பி.ஆரில் இது தெளிவாகத் தெரியும். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், 5 முதல் 6 செ.மீ. ஆழம் என்று எழுதச் சொன்னால் வருடம் கழித்தும் எழுதுவார்கள். ஆனால் பயிற்சி முடிந்த சில மாதத்திலேயே கை தளர்ந்து ஆழம் குறைந்துவிடும். செமஸ்டரில் ஒரு நாள் முழுதும் சி.பி.ஆர். வகுப்பு எடுப்பதைவிட, அதே நேரத்தைத் துண்டாக்கி மாதம் ஒரு முறை ஆளுக்கு இரண்டு நிமிடம் அழுத்தவைப்பது மேல். டம்மியை லேபில் பூட்டாமல் காரிடரில் வைத்தால் போகிற வருகிற நேரத்தில் பழகுவார்கள். 2021இல் வந்த திருத்திய பி.எஸ்சி. பாடத்திட்டத்தில் ஸ்கில் லேப் நேரம் தனியாக ஒதுக்கியிருக்கிறது. டைம்டேபிள் போடும்போது அதை ஒரே வாரத்தில் கொட்டிவிடாமல் பரப்பச் சொல்லிக் கேளுங்கள்.

வார்டில் நீங்கள் என்ன செய்வது? போவதற்கு முன் பத்து நிமிடம் நின்றபடியே பேசுங்கள்: இன்றைக்கு யார் எந்த நோயாளி, எந்த வேலையைத் தானாகச் செய்யலாம், எதற்கு என்னைக் கூப்பிட வேண்டும். கட்டில் பக்கத்தில் 1992இல் அமெரிக்கக் குடும்ப மருத்துவப் பயிற்சியிலிருந்து வந்த 'ஒரு நிமிட' முறை அழகாகப் பொருந்தும். முதலில் அவள் என்ன நினைக்கிறாள் என்று சொல்லவையுங்கள், ஏன் என்று கேளுங்கள், பொதுவாகப் பயன்படும் ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள், சரியாகச் செய்ததைக் குறிப்பிட்டுப் பாராட்டுங்கள், தவறைத் திருத்துங்கள். "குட்" என்பது பாராட்டில் சேராது. "கையுறை போடும் முன் நோயாளியின் பெயரைக் கேட்டாயே, அது நல்லது" என்றால்தான் அடுத்த முறையும் கேட்பாள்.

நோயாளி முன்னால் திட்ட வேண்டாம். அதற்குப் பிறகு அவர் அந்தப் பிள்ளையைத் தொடவிடமாட்டார், அவளும் தொடமாட்டாள். முன்கூட்டியே ஒரு சைகை பேசிவைத்துக்கொள்ளுங்கள்: நான் உன் முழங்கையைத் தொட்டால் அப்படியே நிறுத்து. நீங்கள் அமைதியாக வாங்கிச் செய்து முடிக்கலாம், பேச்சு வெளியே வந்து. படிக்கிற பிள்ளை செய்யப்போகிறாள், நானும் கூட நிற்கிறேன் என்று நோயாளியிடம் சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். அரசு மருத்துவமனை நோயாளியிடம் கேட்க வேண்டியதில்லை என்ற நினைப்பு நம்மிடையே இருக்கிறது, அதைப் பிள்ளைகள் நம்மிடமிருந்தே கற்கிறார்கள். வார்டு இன்சார்ஜ் சிஸ்டரை மட்டும் பகைத்துக்கொள்ளாதீர்கள். லேபில் ஒரு மாதிரி, வார்டில் ஸ்டாஃப் சிஸ்டர் செய்வது வேறு மாதிரி என்றால் பிள்ளைகள் வார்டு முறையைத்தான் எடுப்பார்கள். செக்லிஸ்டை அவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து எழுதுங்கள், அவர்களின் திருத்தங்களில் பாதி நியாயமாக இருக்கும்.

தேர்வு முறை மாறாமல் கற்பித்தல் மாறாது. ஸ்காட்லாந்தின் டண்டியில் ரொனால்ட் ஹார்டன் 1975இல் அறிமுகப்படுத்திய ஆஸ்கி (மாணவர் மேசை மேசையாகப் போய் ஒவ்வொரு வேலையாகச் செய்துகாட்டும் தேர்வு) இப்போது நம் தேர்வுகளிலும் இருக்கிறது. நல்லதுதான், எல்லாருக்கும் ஒரே கேள்வி, ஒரே அளவுகோல். ஆனால் 1990இல் ஜார்ஜ் மில்லர் திறமையை நான்கு தளமாக வரைந்த பிரமிடில் அது மூன்றாம் தளம்: செய்துகாட்டுவாள். உச்சியில் இருப்பது அன்றாட வேலையில் செய்கிறாளா என்பது, அதை வார்டில்தான் பார்க்க முடியும். ரெக்கார்டில் இருபது கையெழுத்து வாங்கிய பிள்ளைக்கு அந்த வேலை தெரியும் என்று அர்த்தமில்லை. கையெழுத்துக்குப் பக்கத்தில் 'பார்த்தாள், உதவியோடு செய்தாள், தனியாகச் செய்தாள்' என்று மூன்று கட்டம் போட்டுப் பாருங்கள், உண்மை நிலவரம் தெரியும். செக்லிஸ்டில் எல்லா வரிக்கும் ஒரே மதிப்பெண் கொடுக்காதீர்கள். ஸ்டெரைல் (கிருமியில்லா நிலை) உடைந்தால், நோயாளி யார் என்று சரிபார்க்காமல் மருந்து கொடுத்தால், மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் மறுபடி செய்யட்டும்.

கடைசியாக, கை நடுங்கும் பிள்ளை. முதலில் பயம் எதைப் பற்றி என்று தனியாகக் கேளுங்கள். நோயாளிக்கு வலிக்கும் என்றா, தனக்குக் குத்திவிடும் என்றா, பத்துப் பேர் பார்க்கிறார்கள் என்றா? கடைசிக் காரணம்தான் அதிகம், அதற்கு மருந்து கூட்டமில்லாத லேபும் பொறுமையான ஒரு தோழியும். நோயாளிக்கு வலிக்கும் என்று பயப்படுகிறவளை முதலில் கூட நின்று நோயாளியின் கையைப் பிடித்துப் பேசவிடுங்கள், பிறகு மருந்து இழுத்துக் கொடுக்கட்டும், பிறகு ஊசியை எடுத்தபின் அழுத்திப் பிடிக்கட்டும். முதல் ஊசிக்கு நரம்பு தேடும் கேனுலா வேண்டாம், சதையுள்ள நோயாளிக்கு ஒரு தசை ஊசி போதும், நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டும். மற்றவர்களைவிட இரண்டு வாரம் பிந்தினால் ஒன்றும் குடிமுழுகாது.

தனக்குக் குத்திவிடும் என்ற பயம் நியாயமானது, அதைச் சிரித்துத் தள்ளாதீர்கள். ஊசிக்கு மூடியைத் திரும்ப மாட்டக் கூடாது, நேராக ஷார்ப்ஸ் டப்பாவில் போட வேண்டும் என்பதை ஆரஞ்சு நாளிலிருந்தே பழக்குங்கள். குத்திவிட்டால் பிதுக்காமல், வாயில் வைக்காமல் சோப்பு, தண்ணீரில் கழுவி உடனே சொல்ல வேண்டும். எச்.ஐ.வி.க்கான தடுப்பு மருந்தை முடிந்தால் 2 மணி நேரத்துக்குள், தாமதமானாலும் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். திட்டு விழும் என்று மறைப்பவர்கள்தான் அந்த நேரத்தை இழக்கிறார்கள், அதனால் சொன்னால் திட்டமாட்டேன் என்று முதல் வகுப்பிலேயே வாக்குக் கொடுங்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி 0, 1, 6 மாதக் கணக்கில் மூன்று டோஸ். பிள்ளைகள் சேர்ந்த முதல் மாதமே தொடங்காவிட்டால் வார்டு போஸ்டிங் வந்த பிறகும் பாதுகாப்பு முழுதாக இருக்காது. உங்கள் வகுப்பில் யாருக்கு எத்தனை டோஸ் முடிந்திருக்கிறது என்று இந்த வாரமே ஒரு லிஸ்ட் எடுத்துவிடுங்கள்.